‘எங்கே ஆனாலும் சரி’ என்ற பதிலும் 14 பேருக்கான கரோக்கி அறையும்

கேள்வி: பாங்காக்கில் ஒரு நிறுவனத்தில் எட்டு மாதங்களாகப் பணிபுரிகிறேன். எங்கள் மேலாளர் மாற்றலாகிச் சியாங் மாய் செல்கிறார். அவரை வழியனுப்பக் கரோக்கி செல்வதென்று முடிவு செய்த குழுவினர், இடம் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். நாங்கள் 14 பேர். பாதிப் பேர் பெண்கள். இருவர் மது அருந்துவதில்லை. அவர்களில் ஒருவர் நராதிவாட்டைச் சேர்ந்த முஸ்லிம். 19 வயதுப் பயிற்சி மாணவி ஒருவரும் உடன் வருகிறார். எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லோரும் ‘எங்கே ஆனாலும் சரி’ என்கிறார்கள். அலுவலகத்துக்கு அருகிலேயே வண்ண விளக்குகளோடு ஒரு கரோக்கிக் கடை இருக்கிறது. அதையே பதிவு செய்துவிடலாமா?

பதில்: விசாரிக்காமல் பதிவு செய்ய வேண்டாம். அந்தக் கடை நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தாய்லாந்தில் ‘கரோக்கி’ என்ற ஒரே பலகையின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தொழில்கள் நடக்கின்றன. உங்கள் குழுவுக்குப் பொருந்துவது அவற்றில் ஒன்றோ இரண்டோதான்.

சாலையோரத்தில், குறிப்பாக நகர எல்லைகளிலும் வெளி மாகாணங்களிலும், சிறு வண்ண விளக்குச் சரங்களைத் தொங்கவிட்டிருக்கும் கடைகள் பெரும்பாலும் பாடுவதற்காக நடத்தப்படுபவை அல்ல. விருந்தினருடன் பெண்கள் அமர்ந்து பேசுவார்கள். அவர்களுக்கு வாங்கித் தரும் ஒவ்வொரு கோப்பைக்கும் தனிக் கட்டணம் உண்டு. பாட்டு அங்கே ஒரு சாக்கு மட்டுமே. சீலோம் சாலையிலிருந்து பிரியும் தனியா தெருவில் ஜப்பானிய நிறுவன அதிகாரிகளுக்காக வளர்ந்த கரோக்கிக் கூடங்களும் ஏறத்தாழ இதே முறையில் இயங்குபவைதான். விலையும் பகட்டும் வேறு, அவ்வளவே. இத்தகைய இடத்துக்கு ஏழு பெண்களையும் ஒரு மாணவியையும் அழைத்துச் சென்றால் யாரும் வாய்திறந்து குறை சொல்ல மாட்டார்கள். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பதாகப் புன்னகையோடு விடைபெறுவார்கள். அந்தப் புன்னகையின் பொருள் உங்களுக்கு மறுநாள்தான் புரியும்.

மறுமுனையில் வணிக வளாகங்களின் கண்ணாடிக் கூண்டுகள் இருக்கின்றன. நாணயம் போட்டுப் பாடும் அந்தப் பெட்டிக்குள் இருவரோ மூவரோதான் நிற்க முடியும் என்பதால் அதை விட்டுவிடலாம். இவற்றுக்கு இடையே இருப்பவை மூன்று. ஒன்று, மேஜர் சினிபிளெக்ஸ் நிறுவனத்தின் ‘புளூ-ஓ’ போன்ற, பௌலிங் விளையாட்டோடு கரோக்கி அறைகளையும் வைத்திருக்கும் வளாகக் கூடங்கள். இரண்டாவது, பொதுக்கூடத்தில் மேடை அமைத்து, எந்த மேசையிலிருந்தும் எழுந்து வந்து பாட விடும் உணவகங்கள். மூன்றாவது, தனி அறைகளில் பாட்டுக் கருவி பொருத்தியிருக்கும் உணவகங்கள். மேடை உணவகம் ஓய்வுபெற்றவர்களின் நண்பர் குழுவுக்கு மிக அருமையானது; அறிமுகமில்லாத மேசைகளும் கைதட்டும். ஆனால் கூச்சம் உள்ளவர்கள் நிறைந்த அலுவலகக் குழுவுக்கு அது தண்டனை. பௌலிங் கூடம் பாதுகாப்பான தெரிவு. ஆயினும் விடைகொடுக்கும் விருந்துக்கு வேண்டிய நிதானமான சாப்பாடு அங்கே அமையாது. எனவே என் பரிந்துரை தனி அறையுள்ள உணவகமே.

இனி, ‘எங்கே ஆனாலும் சரி’ என்ற பதிலுக்கு வருவோம். தாய் மொழியில் ‘தீ நை கோ டாய்’ என்று அவர்கள் சொல்வது சம்மதம் அன்று. பிறருக்குச் சிரமமோ சங்கடமோ தரக்கூடாது என்று தன் விருப்பத்தைப் பின்னுக்குத் தள்ளும் பண்பை அவர்கள் ‘கிரெங் ஜை’ என்பார்கள். நீங்கள் அயல்நாட்டவர், பொறுப்பும் உங்களுடையது என்பதால் அது இரண்டு மடங்காக வெளிப்படுகிறது. பொதுவில் கேட்டால் இந்தப் பதில் மாறாது. இரண்டே இரண்டு இடங்களைத் தேர்ந்து, படங்களோடும் தலைக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கோடும் லைன் செயலிக் குழுவில் வாக்கெடுப்பாகப் போடுங்கள். அதற்கு முன், குழுவில் எல்லோரும் ‘பீ’ என்று மதிப்போடு அழைக்கும் மூத்த பெண் ஊழியர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் தனியாகக் கேளுங்கள். யாருக்கு எது ஆகாது என்ற முழு வரலாறும் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

மாணவியின் வயதுதான் இந்தத் தேர்வில் மீற முடியாத எல்லை. தாய்லாந்தில் 20 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதை 2008-ஆம் ஆண்டின் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. அதோடு, 1966-ஆம் ஆண்டின் கேளிக்கை இடங்கள் சட்டமும் அதன் திருத்தங்களும், அவ்வகை உரிமம் பெற்ற இடங்களுக்குள் 20 வயதுக்குக் குறைந்தவர்கள் நுழைவதையே அனுமதிப்பதில்லை. வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், சில இரவுகளில் காவல்துறையும் வந்து கேட்கும். ஆகவே தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது விலை அன்று. அந்த இடம் உணவகமாக இயங்குகிறதா, கேளிக்கை இடமாக இயங்குகிறதா, 19 வயதுடையவர் உள்ளே வரலாமா என்று கேளுங்கள். உணவகம் என்றால் அவர் உட்காரலாம், சாப்பிடலாம், பாடலாம். மது மட்டும் இல்லை. மற்றவர்களும் அடையாள அட்டையைக் கொண்டுவரட்டும்; நீங்கள் கடவுச்சீட்டையோ அதன் தெளிவான படத்தையோ வைத்திருங்கள்.

அடுத்து, பலரும் மறந்துவிடும் பொருள்: பாட்டுப் பட்டியல். அறையின் சோபாவையும் விளக்கையும் பார்த்து இடம் பிடிப்பவர்கள், கருவியில் என்ன பாட்டு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. தாய் அலுவலகக் குழு ஒன்றில் மூன்று தலைமுறை ரசனை இருக்கும். வடகிழக்கான ஈசானிலிருந்து வந்தவர்கள் லூக் துங் என்னும் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாடல்களையும் தங்கள் பகுதியின் மரபான மோ லம் பாடல்களையும் தேடுவார்கள்; 50 வயதைக் கடந்த ஆண்கள் ‘பிலேங் பூயா சீவித்’, அதாவது ‘வாழ்க்கைக்கான பாடல்கள்’ என்னும் சமூகக் கருத்துள்ள பாடல்களுக்குப் போவார்கள் (அந்தச் ‘சீவித்’ நம் ஜீவிதமேதான்); இளையவர்கள் இந்த ஆண்டு வெளிவந்ததைக் கேட்பார்கள். எனவே நேரில் போய் மூன்று சோதனை செய்யுங்கள்: 1992-இல் மறைந்த லூக் துங் அரசி பும்புவாங் துவாங்ஜானின் பாடல் ஒன்று, வாழ்க்கைக்கான பாடல்களுக்குப் பெயர்பெற்ற கராபாவ் குழுவின் பாடல் ஒன்று, கடந்த சில மாதங்களில் வெளியான பாடல் ஒன்று. மூன்றும் இருந்தால் அந்தக் கருவியைப் பராமரிக்கிறார்கள் என்று பொருள். பல கடைகளில் பாடகரின் குரல் இல்லாமல் சுரங்களை மட்டும் குறித்து வைக்கும் ‘மிடி’ இசைக்கோப்புகளைக் கொண்டு இயங்கும் உள்ளூர் மென்பொருள்தான் இருக்கும். அதில் சுருதியை ஏற்றி இறக்குவது எளிது, ஆனால் பிறமொழிப் பாடல்கள் குறைவு. யூடியூப் இணைப்பும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு தமிழ்ப் பாட்டு பாட வேண்டும் என்று அவர்கள் நிச்சயம் வற்புறுத்துவார்கள்.

தாய்ப் பாட்டு ஒன்றையும் பயின்று போனால் அந்த இரவின் பெரும் கைதட்டல் உங்களுக்குத்தான். திரையில் தாய் எழுத்து மட்டுமே ஓடும் என்பதால் வரிகளைத் தமிழில் எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஒற்றைப் பகரம் அவர்களின் இருவேறு பகர ஒலிகளைப் பிரித்துக் காட்டாது. தாய் மொழியின் ஐந்து தொனிகளையும் காட்டாது. சகா ஒருவர் பாடிக் காட்டியதைக் கேட்டு அந்த இடங்களில் குறியிட்டுக்கொள்வதே வழி.

நேரத்தையும் கணக்கிட்டுவிடுவோம். பாட்டுக்கு நான்கு நிமிடம், தேர்வுக்கும் சிரிப்புக்கும் ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 12 பாட்டு. மூன்று மணி நேரத்தில் 36. 14 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்று கூட வராது. இதற்கு அஞ்சிக் குழுவை இரண்டு அறைகளாகப் பிரித்துவிடாதீர்கள். மேலாளர் எந்த அறையில் இருக்கிறாரோ அதுதான் விருந்து, மற்றது காத்திருப்பு அறை ஆகிவிடும். மூன்று ஒலிவாங்கிகள் கேளுங்கள், சேர்ந்து பாட விடுங்கள். ‘15 பேருக்கான அறை’ என்று விளம்பரம் சொன்னால், அது 15 பேர் தட்டும் கோப்பையும் இல்லாமல் முழங்கால் இடிக்க அமரும் அறை என்று எடுத்துக்கொண்டு, 20 பேருக்கானதைப் பாருங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது கதவுகளையும் பாருங்கள். 2009 புத்தாண்டு இரவில் பாங்காக்கின் சந்திகா விடுதித் தீயில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 ஆகஸ்டில் சொன்புரி மாகாணத்து மவுன்டன் பி விடுதித் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுவரில் ஒலி அடக்கப் பொருத்தியிருந்த நுரைப்பஞ்சு இரண்டாவது விபத்தில் தீயை வேகமாகப் பரப்பியது. கரோக்கி அறை என்பதே ஒலி வெளியேறாமல் மூடிய பெட்டிதான். இரண்டாவது வெளிவழி எங்கே என்று கேட்டால் ஊழியர் தயங்காமல் கைகாட்ட வேண்டும். காட்டிய வழியில் பீர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

பணம் பற்றிப் பேசாமல் முடியாது. விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறிகள் தென்பட்டால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 7 விழுக்காடு வரியும் சேரும்; 10,000 பாத் என்று நினைத்தது 11,770 ஆகும். அறை வாடகை தனியா, அல்லது குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட்டால் அறை இலவசமா என்று கேளுங்கள். 14 பேர் கொண்ட குழுவுக்கு இரண்டாவது ஏற்பாடே பெரும்பாலும் இலாபம். சொந்தப் புட்டி கொண்டுபோனால் திறப்புக் கட்டணம் உண்டு. பனிக்கட்டிக்கும் சோடாவுக்கும் தனி விலை. பங்கிட்டுக் கொள்வதை இங்கே ‘அமெரிக்கன் ஷேர்’ என்பார்கள், ஒருவரே கொடுப்பது ‘லியாங்’. விடைபெறும் மேலாளர் பழக்கத்தின்படி தானே கொடுக்க முன்வரக்கூடும். ஆனால் இது அவருக்கான விருந்து. ஆகவே முந்தைய நாளே பங்கைத் திரட்டி, கடைக்காரரிடம் முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். பயிற்சி மாணவியிடம் பங்கு கேட்க வேண்டாம்.

உணவில், நராதிவாட்டுச் சகாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டே இடத்தை உறுதி செய்யுங்கள். குடியோடு தின்னும் ‘கப் கிளேம்’ வகைகள் பலவற்றில் பன்றி இறைச்சி இருக்கும். கடலுணவு முதன்மையான கடையாக இருந்தால் அவருக்கென்று தனித் தட்டு கேட்டு ஒதுங்கி அமரும் நிலை வராது. சிலருக்கு மது இருக்கும் மேசையே ஏற்காது. அப்படியானால் மதிய விருந்தாக மாற்றி, கரோக்கியை விருப்பமுள்ளவர்களுக்கு விடுவதும் மரியாதைதான். குடிக்காத மற்றவருக்குச் சிக்கல் இல்லை: பனிக்கட்டியோடு சோடா கையில் இருந்தால் யாரும் கேட்பதில்லை.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது மாத இறுதி வெள்ளியைத் தவிருங்கள். சம்பளம் வந்த கூட்டம் எல்லா அறைகளையும் பிடித்திருக்கும். மாக பூசை, விசாக பூசை போன்ற பௌத்தப் புனித நாள்களில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு. தேர்தலுக்கு முந்தைய மாலையிலிருந்தும் அப்படியே. மின்தொடர் வண்டிகள் ஏறத்தாழ நள்ளிரவில் நின்றுவிடும் என்பதால், நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில், ஏழு மணி முதல் பத்தரை வரை அறை எடுத்தால் யாரையும் வாடகை வண்டியில் தனியாக ஏற்றிவிட வேண்டியிராது. வாகனம் ஓட்டி வருபவருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுதான் எல்லை. இந்தியாவிலிருந்து வந்த நண்பர் யாரேனும் மின்-சிகரெட்டோடு வருவதாக இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்; அதன் இறக்குமதியும் விற்பனையும் இங்கே தடை செய்யப்பட்டவை, கையில் வைத்திருந்தாலே தொல்லை.

மீந்த புட்டியைப் பெயர் எழுதிக் கடையில் வைத்துவிட்டு, இத்தனை நாளுக்குள் வந்து குடிக்கலாம் என்று சீட்டு வாங்கிக்கொள்வது பரவலான வழக்கம். கிளம்பும் அவசரத்தில் அதை மறந்துவிடாதீர்கள். மரியாதை கருதி அந்தச் சீட்டை மேலாளரிடம் கொடுத்துவிடவும் வேண்டாம், அவர் சியாங் மாயிலிருந்து திரும்பி வருவதற்குள் காலக்கெடு முடிந்துவிடும்.