ஏற்காட்டில் கிளிக் வண்டு: முதலில் மரத்தைத் தேடுங்கள்

ஏற்காடு காபி எஸ்டேட்டில், பட்டுப்போன சில்வர் ஓக் அடியில், சீப்பு மாதிரி உணர்கொம்பு வைத்த பழுப்பு வண்டு ஒன்று மல்லாக்க விழுந்து 'டிக்' என்று எகிறி ஓடிவிட்டதாம். அதே மாதிரி ஒன்றைப் பிடித்துப் பாடம் செய்து வைக்க எங்கே தேடுவது என்று சேலம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மல்லாந்து அப்படி எகிறினால் கிளிக் வண்டுதான். மார்புக்கு அடியில் ஒரு முள், அதற்கு எதிரே ஒரு குழி. உடம்பைப் பின்னுக்கு வளைத்து, முள்ளைக் குழி விளிம்பில் முட்டுக்கொடுத்துச் சட்டென்று நழுவவிடும்போது வருவதுதான் அந்தச் சத்தம். சீப்புக் கொம்பு பல வகைகளில் ஆணுக்கு மட்டும் இருக்கும், அதனால் கொம்பு வேறு மாதிரி இருக்கிறதே என்று பெண்ணை விட்டுவிடாதீர்கள்.

கோடை மழை பெய்து ஓய்ந்த பிறகு, அமாவாசையை ஒட்டிய புழுக்கமான இரவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி விளக்கு போட்டால் சில வகைகள் தானாக வரும். பகலில் குடையைத் தலைகீழாகப் பிடித்து மேலே உள்ள கிளையைத் தட்டிப் பாருங்கள். ஆனால் என்னைக் கேட்டால், காட்டு வகைக்கு உளுத்த மரம்தான் சரியான இடம். பட்டையை மெதுவாக நெம்பினால் மஞ்சள் பழுப்பில், ஒல்லியாக, தோல் கெட்டியாக, முன்னால் மூன்று ஜோடிக் கால்களோடு கம்பிப்புழு, அதாவது கிளிக் வண்டின் புழு, இருக்கும் (காலே இல்லாமல், தலைப்பக்கம் அகலமாக, வெள்ளையாக இருந்தால் அது பொன்வண்டு போன்ற வேறு வண்டின் புழு). மரத்தில் இருப்பவை பலவும் மற்ற வண்டுப் புழுக்களைத் தின்பவை, ஒன்றையொன்றும் கடித்துவிடும். அதனால் டப்பாவுக்கு ஒன்றாக, அதே மரத்தூளோடு, ஈரம் காயாமல் வளருங்கள். வருடக்கணக்கில் ஆகலாம், ஆனால் எந்த மரத்தில் வளர்ந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். பட்டையைத் திரும்ப மூடிவைக்க மறக்காதீர்கள், முழுக் கட்டையையும் பிளக்கவே வேண்டாம். அது உளுக்க எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். எஸ்டேட் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது.

வண்டு கிடைத்தால் ஒன்றிரண்டு போதும். ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்து, வெளியே எடுத்து இளகியதும் வலது மேல்சிறகு வழியாக ஊசி குத்துங்கள். நடுவில் குத்தினால் அடியில் இருக்கும் அந்த முள்ளோ குழியோ சிதைந்துவிடலாம். அப்புறம் லேபிள்: இடம், கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம், தேதி, மரம், விளக்கில் வந்ததா பட்டைக்கடியில் இருந்ததா, பிடித்தவர் பெயர். இதை அன்றைக்கே எழுதி அதே ஊசியில் கோத்துவிடுங்கள்.