‘போல’ வந்துவிட்டால் உவமை அணியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். ‘போல’, ‘அன்ன’ என்று வந்தால் உவமை அணி என்று எழுதிவிடுவேன். மாதிரித் தேர்வில் சிலப்பதிகார வரி ஒன்றுக்கு அப்படி எழுதி மதிப்பெண் போய்விட்டது. ‘வாரல் என்பனபோல்’ என்று ‘போல்’ கண்ணெதிரே இருக்கிறதே, அது எப்படி உவமை இல்லாமல் போகும்?
– மாணவி, விருத்தாசலம்

பதில்: உன்னைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா. போல, புரைய, ஒப்ப, உறழ என்று உருபுகளை வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்தால் கண் உருபைத்தான் தேடும். நான் படித்த காலத்திலும் இதே கதைதான், கல்லூரிக்குப் போகும் வரைக்கும் ‘போல’ என்றால் உவமை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

வரியை முழுசாக வைத்துப் பார்ப்போம். ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி / வாரலென் பனபோல் மறித்துக்கை காட்ட’. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள், மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன, அவ்வளவுதான் நடந்தது. அந்த அசைவைப் பார்க்கிற இளங்கோவடிகளுக்கோ, உள்ளே போனால் இவர்களுக்கு என்ன ஆகும் என்பது தெரியும். அதனால் கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுப்பதாகச் சொல்கிறார். இப்போது நீயே கேட்டுப் பார், இங்கே எதற்கு எது ஒப்பு? கொடி ஒன்று இருக்கிறது, சரி. அதன் பக்கத்தில் வைக்க இரண்டாவது பொருள் எங்கே? கிடைக்காது. தானாக நடக்கிற ஒன்றின்மேல் கவிஞர் தன் மனத்தில் இருக்கிற காரணத்தை ஏற்றியிருக்கிறார், தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்ற அணி. ‘போல்’ அங்கே வந்தாலும் ஒப்பிடும் வேலையை அது செய்யவில்லை.

இதே மாதிரி இன்னொரு இடம் திருக்குறளின் கயமை அதிகாரத்தில் இருக்கிறது. ‘தேவர் அனையர் கயவர் அவருந்தாம் / மேவன செய்தொழுக லான்’ (1073). ‘அனையர்’ இருக்கிறது, தேவர், கயவர் என்று இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள், இது உவமைதானே என்று தோன்றும். வடிவம் ஒப்பீடுதான், மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவர் என்ன சொல்லி ஒப்பிடுகிறார் பார்: தேவர்களைக் கேட்க ஆளில்லை, கயவர்களும் யார் பேச்சையும் கேட்காமல் மனம்போனபடி நடக்கிறார்கள், அதனால் இருவரும் ஒன்று. புகழ்வது மாதிரி தொடங்கி இகழ்ந்து முடிக்கிறார். ஆகவே வஞ்சப்புகழ்ச்சி அணி.

‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ (151) பக்கத்தில் இவற்றை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். நிலம் ஒரு பக்கம், பொறுத்துப்போகிறவர் ஒரு பக்கம், வருத்துகிறவரையே தாங்குவது நடுவில். இது கலப்பில்லாத உவமை. தேர்வுக்கு முன்னால் ஒரு வாரம் இப்படிச் செய்: பாட்டில் உருபை விரலால் மறைத்துக்கொண்டு, பொருளை உன் சொந்த வார்த்தையில் தங்கைக்கோ தோழிக்கோ சொல்லு. சொல்லி முடித்த பிறகு அணியின் பெயரை யோசி. பொருள் சொல்லத் தெரியாத பாட்டுக்கு அணி சொல்வது ஊகம்தான்.

கேள்வி: எடுத்துக்காட்டு உவமை, பிறிது மொழிதல் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன், வரையறை தெரியும், ஆனால் குறளைக் கொடுத்தால் மாற்றிச் சொல்லிவிடுகிறேன்.
– வாசகர், தென்காசி

பதில்: தம்பி, திருக்குறளில் 48, 49, 50 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரு சாயங்காலம் சேர்த்துப் படியுங்கள். வலியறிதல், காலமறிதல், இடனறிதல். இந்தக் குழப்பத்துக்கு இவற்றைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

காலமறிதலின் முதல் குறள், ‘பகல்வெல்லும் கூகையைக் காக்கை இகல்வெல்லும் / வேந்தர்க்கு வேண்டும் பொழுது’ (481). தன்னைவிட வலிய கூகையை, அதாவது ஆந்தையை, காக்கை பகலில் வென்றுவிடும், இது ஒரு வாக்கியம். பகையை வெல்ல நினைக்கும் அரசனுக்கும் ஏற்ற காலம் வேண்டும், இது இன்னொரு வாக்கியம். இரண்டையும் சொல்லிவிட்டு நடுவில் வர வேண்டிய ‘அதுபோல’வை மட்டும் விட்டுவிட்டார். எடுத்துக்காட்டு உவமை.

முந்தின அதிகாரத்துக்கு வாருங்கள். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் / சால மிகுத்துப் பெயின்’ (475). மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அப்புறம்? ஒன்றுமில்லை, குறள் முடிந்துவிட்டது. அரசன், பகைவன் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால் வலியவனும் அழிவான் என்பதை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றை மட்டும் சொல்லி நிறுத்துவதால் பிறிது மொழிதல். இடனறிதலில் ‘நெடும்புனலுள் வெல்லும் முதலை’ (495) என்ற குறளும் இதே வகை, ஆழமான தண்ணீரில் முதலை வெல்லும், தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் மற்ற விலங்குகள் அதை வெல்லும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

ஆக, பாட்டுக்குள் மனிதர் வந்துவிட்டாரா, விலங்கோடும் வண்டியோடும் நின்றுவிட்டதா என்று பாருங்கள். எல்லாக் குறளுக்கும் பொருந்தும் விதி என்று சொல்லமாட்டேன், இந்த மூன்றுக்கும் அது போதும். கூடவே அதே 49ஆம் அதிகாரத்தில் ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து’ (490) இருக்கிறது. ‘ஒக்க’ என்ற உருபோடு வெளிப்படையாக வரும் உவமை அணி, அதையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

கேள்வி: மலரடி (மலர் போன்ற அடி) உவமைத்தொகை, அடிமலர் (அடி ஆகிய மலர்) உருவகம் என்பது புரிகிறது. ஆனால் ‘ஆகிய’ போட்டுப் பார் என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் பனைமரமும் பனை ஆகிய மரம்தானே, அது ஏன் உருவகம் இல்லை?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. பனை உண்மையிலேயே மரம், சாரை உண்மையிலேயே பாம்பு. சிறப்புப் பெயரும் பொதுப் பெயருமாக ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் ஒட்டி நிற்பதால் அது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. முகமதி என்னும்போது முகம் உண்மையில் மதி இல்லை, கவிஞர்தான் இரண்டும் ஒன்று என்கிறார். ‘ஆகிய’ போட்ட கையோடு ‘நிஜமாகவா?’ என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள், போதும். இன்னொரு எச்சரிக்கை: ‘தேன்மொழி வந்தாள்’ என்று வாக்கியமாகக் கொடுத்தால் அது வெறும் உவமைத்தொகை இல்லை, தேன்போன்ற மொழியை உடைய பெண் வந்தாள் என்று விரிவதால் அன்மொழித்தொகை. இங்கே நிறையப் பேர் அவசரப்பட்டு மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

கேள்வி: என் மகள் உவமை, உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்), உருபு மூன்றையும் பிரித்து எழுதிவிடுகிறாள். பொதுத்தன்மை எழுதும் இடத்தில் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, மற்ற மூன்றும் பாட்டிலேயே இருக்கும், பார்த்து எழுதிவிடலாம். பொதுத்தன்மை, அதாவது இரண்டும் எதில் ஒத்திருக்கின்றன என்பது, பல பாட்டுகளில் வெளியே சொல்லப்பட்டிருக்காது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால்தான் பேனா நிற்கிறது. தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்கு வழி சொல்கிறார். செயலால் ஒத்திருக்கலாம், புலிபோலப் பாய்ந்தான் என்பது போல. பயனால் ஒத்திருக்கலாம், மழை போன்ற கை என்றால் கொடுப்பதில் ஒப்பு. வடிவத்தால் என்றால் துடி போன்ற இடை, நிறத்தால் என்றால் பவளம் போன்ற வாய். இந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அது பழகியதும் குறுந்தொகையின் 40ஆம் பாட்டைக் கொடுங்கள், ஐந்தே அடி. ‘செம்புலப் பெயனீர் போல / அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே’. செம்மண்ணில் விழுந்த மழைநீர் மண்ணோடு கலந்துவிடுகிறது, நெஞ்சமும் கலந்தது. கலத்தல் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அங்கேயே நிற்க விடாதீர்கள், முதல் மூன்று அடிகளையும் படிக்கச் சொல்லுங்கள். உன் தாய் யார், என் தாய் யார், நம் தந்தையர் என்ன உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம் என்று கேட்டுவிட்டுத்தான் கவிஞர் உவமைக்கு வருகிறார். மழை வானத்திலிருந்து வந்தது, மண் இங்கே கிடந்தது, இரண்டுக்கும் முன்பின் பழக்கமில்லை. விழுந்த பிறகு நீரின் நிறமே மண்ணின் நிறம், இனிப் பிரித்துக் காட்டு என்றால் யாராலும் முடியாது. இவ்வளவும் பொதுத்தன்மைதான். இந்தப் பாட்டை எழுதியவரின் பெயர் தெரியாமல் உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று அழைக்கிறோம். இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். செம்மண் ஊர்ப்பக்கம் உறவினர் யாராவது இருந்தால் ஐப்பசி மழையில் ஒருமுறை கூட்டிப்போய் வாய்க்காலைக் காட்டுங்கள்.

கேள்வி: பின்வருநிலை அணியில் எது எந்த வகை என்று சுருக்கமாகச் சொல்லுங்கள், நாளை மறுநாள் தேர்வு.
– மாணவர், அரூர்

பதில்: வந்த சொல்லே திரும்ப வந்து பொருள் மாறினால் சொற்பின்வருநிலை, ‘துப்பார்க்குத் துப்பாய’ (12). சொல்லும் பொருளும் மாறாமல் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை, ‘எல்லா விளக்கும் விளக்கல்ல’ (299). சொல் வேறாகிப் பொருள் மட்டும் திரும்ப வந்தால் பொருள் பின்வருநிலை, ‘அவிழ்ந்தன தோன்றி அலர்ந்தன காயா’, அங்கே அவிழ்தலும் அலர்தலும் பூப்பதுதான். இந்த மூன்று பாட்டையும் பொருளோடு படித்துவிட்டுத் தூங்கப் போ.