பிராட்மனை எடுத்தால் துண்டு விழுகிறதா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து, எல்லாக் காலத்துக்குமான டெஸ்ட் அணியைத் தேர்வு செய்கிறோம். ஆளுக்கு 100 புள்ளி, அதில் 11 பேர். ஒரு வீரரின் விலை குறைந்தது 4, அதிகபட்சம் 20. ஒரு விக்கெட் கீப்பரும் பந்துவீசக்கூடிய ஐந்து பேரும் கட்டாயம். விலைப்பட்டியலை அனுப்பியிருக்கிறேன். பிராட்மன் 20, சோபர்ஸ் 16, டெண்டுல்கர் 14, மார்ஷல் 13, வார்ன் 13, கில்கிறிஸ்ட் 12 என்று எடுத்ததுமே 88 போய்விடுகிறது. மீதி 12 புள்ளியில் ஐந்து பேரை எப்படி எடுப்பது? பிராட்மனுக்கு 20 கொடுப்பது தகுமா?

பதில்: மீதி 12-ல் ஐந்து பேர் வரவே மாட்டார்கள். ஆளுக்கு 4 என்றாலும் 20 வேண்டும். இந்த ஆட்டத்தில் புதிதாக இறங்கும் எல்லோருக்கும் இங்கேதான் துண்டு விழுகிறது. கையில் 100 இருக்கிறது என்று நினைத்துச் செலவைத் தொடங்குகிறோம். ஆனால் 11 இடத்துக்கும் தலா 4 எப்படியும் கொடுத்தே ஆக வேண்டும். அந்த 44 நம் பணமே இல்லை, வாடகை மாதிரி முன்கூட்டியே போய்விட்டது. உண்மையில் உங்களிடம் இருப்பது 56.

ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு விலையிலிருந்தும் 4-ஐக் கழித்துவிட்டுப் பாருங்கள். பிராட்மன் 16, சோபர்ஸ் 12, டெண்டுல்கர் 10. நீங்கள் எடுத்த ஆறு பேருக்கும் இப்படிக் கூட்டினால் 64 வருகிறது. கையில் இருப்பதோ 56. முதல் ஆறு பேரிலேயே கணக்கு உடைந்துவிட்டது, கடைசி ஐந்து பேர் மேல் குற்றமில்லை.

சரி, அந்த 56-ஐ எங்கே கொட்டுவது? ஒரு வீரர் எவ்வளவு பெரியவர் என்று கேட்காதீர்கள். அதே இடத்துக்கு மலிவாகக் கிடைக்கும் ஆளைவிட இவர் எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்று கேளுங்கள். உங்கள் பட்டியலில் 4 புள்ளி பேட்ஸ்மேன்களின் டெஸ்ட் சராசரி, அதாவது ஒருமுறை அவுட் ஆவதற்கு எடுக்கும் ரன், ஏறக்குறைய 40. அதை அடித்தளமாக வைத்துக்கொள்வோம். டெண்டுல்கரின் சராசரி 53.78. கூடுதலாக வருவது சுமார் 14 ரன், அதற்கு 10 புள்ளி, அதாவது புள்ளிக்கு ஒன்றரை ரன்கூட இல்லை. கென் பேரிங்டன் உங்கள் பட்டியலில் 7. அவர் 82 டெஸ்டில் 58.67 வைத்திருக்கிறார். 3 புள்ளிக்குக் கூடுதலாக 18 ரன்னுக்கு மேல், புள்ளிக்கு 6 ரன்.

டெண்டுல்கரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 200 டெஸ்ட், 15,921 ரன், 51 சதம் என்று கால் நூற்றாண்டுக்கு அருகில் ஆடியதற்கும் சேர்த்துத்தான் அந்த 14. ஆனால் எத்தனை ஆண்டு ஆடினார் என்பதற்கு உங்கள் ஆட்டத்தில் மதிப்பெண் கிடையாது. பயன்படாத ஒன்றுக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

இப்போது பிராட்மன். 99.94-லிருந்து 40 போனால் 60. அதை 16-ஆல் வகுத்தால் புள்ளிக்கு மூன்றே முக்கால் ரன். பேரிங்டனின் 6-ஐவிடக் குறைவு! இந்த இடத்தில்தான் பலர் "பிராட்மன் விலை அதிகம், வேண்டாம்" என்று முடிவெடுக்கிறார்கள். அது தவறு. இடம் 11 மட்டும்தான். மூன்றாம் இடத்தில் இரண்டு பேரிங்டன்களை ஒன்றாக நிறுத்த முடியாது. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிராட்மனை விட்டுவிட்டு 7 புள்ளி ஆளை வைத்தால் 13 மிச்சம், 41 ரன் நஷ்டம். அந்த 13-ஐ வேறு எங்கே போட்டால் 41 ரன் திரும்பி வரும்?

பந்துவீச்சில் போட்டுப் பாருங்கள். ஒரு பந்துவீச்சாளர் இன்னிங்ஸுக்கு 2 விக்கெட் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். பந்துவீச்சுச் சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுக்கும் ரன், குறையக் குறைய நல்லது. மூன்று பந்துவீச்சாளர்களை 24 சராசரியிலிருந்து 21-க்கு மேம்படுத்தினால்கூட ஆளுக்கு 6 ரன், மொத்தம் 18 ரன்தான் மிச்சம். பேட்டிங்கில் போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் 7 புள்ளிக்கு மேலே போனாலும் சராசரி பெரிதாக ஏறுவதில்லை. 41 ரன்னை எந்தக் கடையிலும் 13 புள்ளிக்கு விற்கவில்லை. பிராட்மனைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். உங்கள் பட்டியலில் விலைக்குரிய நியாயம் இருக்கும் ஒரே பெரிய பெயர் அதுதான் என்றுகூடச் சொல்வேன்.

வேகப்பந்தில் நிலைமை நேர் எதிர். மார்ஷல் 20.94, ஆம்புரோஸ் 20.99, கார்னர் 20.97, ட்ரூமன் 21.57, மெக்ராத் 21.64, டொனால்ட் 22.25. விக்கெட்டுக்கு இரண்டு ரன் இடைவெளிக்குள் இத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நான் பார்த்தவர்களிலும் படித்தவர்களிலும் மார்ஷலைவிடச் சிறந்த வேகப்பந்து வீச்சாளர் இல்லை என்பது என் எண்ணம். இருந்தாலும் இந்த ஆட்டத்தில் அவரை எடுக்க மாட்டேன். கூட்டம் நிறைந்த வரிசையில் முதல் ஆளுக்கு 13 கொடுப்பானேன்? அதே வரிசையில் ஆலன் டேவிட்சன் 7-க்கு நிற்கிறார். இடது கை ஸ்விங், 44 டெஸ்டில் 186 விக்கெட், சராசரி 20.53. பேட்டிங்கிலும் 24.59. 1960-ல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் ஆடிச் சமனான அந்தப் புகழ்பெற்ற டெஸ்டில் அவர் 11 விக்கெட் எடுத்தார். 44-ம் 80-ம் அடித்தார். ஆண்கள் கிரிக்கெட்டில் ஒரே டெஸ்டில் 10 விக்கெட்டும் 100 ரன்னும் சேர்ந்து வந்தது அதுவே முதல் முறை. அவரை 7-க்கு விற்கிறார்கள் என்றால் உங்கள் நண்பர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் நினைவில் இல்லை என்று அர்த்தம்.

சுழலில் வரிசை அவ்வளவு நீளம் இல்லை. அங்கே செலவு செய்யலாம். வார்ன் 13, முரளிதரன் 14. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். வார்னின் சராசரி 25.41, முரளியுடையது 22.72. அதைவிட முக்கியம், முரளி 133 டெஸ்டில் 800 எடுத்தவர், டெஸ்டுக்கு 6 விக்கெட். வார்னுக்கு அது ஏறக்குறைய 5. மெலிந்த அணிக்கு இந்தக் கூடுதல் சுமையைத் தூக்கும் ஆள் தேவை. 1998-ல் ஓவல் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 113 ஓவருக்கு மேல் வீசி 16 விக்கெட் எடுத்தார். ஒரு முனையை அவரிடம் கொடுத்துவிட்டால், ஐந்தாவது பந்துவீச்சாளர் யார் என்ற கவலை பாதியாகக் குறைகிறது.

அப்புறம் ஆல்ரவுண்டர். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சோபர்ஸுக்கு 16 தருவதில் ஒரு நியாயம் இருக்கிறது: இரண்டு ஆளின் வேலையை ஒருவரே செய்வதால் ஓர் இடம் மிச்சமாகிறது. 57.78 பேட்டிங் சராசரி, 235 விக்கெட், மூன்று விதமான பந்துவீச்சு. ஆனால் பந்துவீச்சுச் சராசரி 34.03. ஐந்தாவது ஆளாக வீசினால் போதும் என்ற நிலையில், 16-ல் பெரும்பகுதியைப் பேட்டிங்குக்காகவே தருகிறீர்கள். அந்த அளவு பேட்டிங் பேரிங்டனிடம் 7-க்கே கிடைக்கிறது.

உங்கள் பட்டியலில் 8 புள்ளிக்கு ஆப்ரி ஃபாக்னர் என்று ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள். தென்னாப்பிரிக்கர், முதல் உலகப் போருக்கு முந்தைய தலைமுறை. 25 டெஸ்டில் 1,754 ரன், சராசரி 40.79. கூக்ளி என்னும் எதிர்ப்பக்கம் திரும்பும் சுழல்பந்து வீசி 82 விக்கெட், சராசரி 26.58. பேட்டிங்கில் 40-ம் பந்துவீச்சில் 30-க்குக் கீழும் வைத்திருப்பவர்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே மிக அரிது. பாய் விரித்த ஆடுகளங்களில் எடுத்த ரன்தானே என்று யாராவது தட்டிக்கழித்தால், 1910-11-ல் ஆஸ்திரேலியா போய் ஐந்து டெஸ்டில் 732 ரன் குவித்ததைச் சொல்லுங்கள். 1921-ல் ஈஸ்ட்போர்னில், அதுவரை அந்தச் சுற்றுப்பயணத்தில் தோற்காமல் வந்த ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் மெக்லாரன் திரட்டிய அணி ஆடியது. முதல் இன்னிங்ஸில் 43-க்குச் சுருண்டது. இரண்டாவதில் 39 வயது ஃபாக்னர் 153 அடித்தார். அந்த அணி 28 ரன்னில் வென்றது. சோபர்ஸின் பாதி விலைக்கு இப்படி ஒருவர் கிடைக்கிறார். நான் விடவே மாட்டேன்.

மலிவு ஆளைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. சராசரி உயரமாக இருந்து டெஸ்ட் எண்ணிக்கை குறைவாக இருந்தால், ஏன் குறைவு என்று பாருங்கள். ஆடம் வோஜஸ் 20 டெஸ்டில் 61.87. ஆனால் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக மட்டும் 542 ரன் எடுத்து ஒரே ஒரு முறைதான் அவுட் ஆனார். அந்த ஓர் அணியின் பலவீனம் மொத்தச் சராசரியையும் தூக்கிவிட்டது. ஜார்ஜ் லோமனின் 112 விக்கெட், 10.75 சராசரியும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. 1880, 90-களின் ஆடுகளத்தில் எல்லோருமே குறைவாகத்தான் ரன் எடுத்தார்கள். விஜய் மெர்ச்சன்ட் கதை வேறு. அவர் 10 டெஸ்ட்தான் ஆடினார், சராசரி 47.72. முதல் டெஸ்ட் 1933-ல், கடைசி டெஸ்ட் 1951-ல், இடையில் போர். அந்தக் கடைசி டெஸ்டில், டெல்லியில், இங்கிலாந்துக்கு எதிராக 154 அடித்தார். உள்நாட்டுப் பெரிய ஆட்டங்களும் சேர்ந்த முதல்தர ஆட்டங்களில் அவர் சராசரி 71.64. வாய்ப்புதான் குறைவு, திறமை குறைவில்லை. முதல்தரக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இரண்டு வகையும் சட்டென்று பிரிந்துவிடும். 5-க்கு மெர்ச்சன்ட் கிடைப்பது பெரிய லாபம்.

இதே மாதிரிதான் நியூசிலாந்தின் ஜாக் கௌவி. உங்கள் பட்டியலில் வெறும் 4. 1937-ல் இங்கிலாந்தில் 3 டெஸ்டில் 19 விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர். பிறகு போர் வந்து அவருடைய நல்ல ஆண்டுகளை விழுங்கிவிட்டது. மொத்தம் 9 டெஸ்ட், 45 விக்கெட், 21.53.

கீப்பரில் கில்கிறிஸ்டுக்கு 12 வேண்டாம். அவர் 47.60. ஆண்டி ஃபிளவர் 8-க்கு 51.54 தருகிறார், அதுவும் பெரும்பாலான டெஸ்டுகளில் கையுறையோடு நின்றபடியே. கில்கிறிஸ்ட் ரன் குவிக்கும் வேகம் ஃபிளவரிடம் கிடையாது, ஆனால் வேகத்துக்குத் தனி மதிப்பெண் இல்லையே. சங்கக்காராவிடம் மட்டும் கவனமாக இருங்கள். மொத்தச் சராசரி 57.40, கீப்பராக ஆடியபோது 40.48. இரண்டாவதுதான் நீங்கள் வாங்கும் பொருள்.

என் அணியைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஹெர்பர்ட் சட்கிளிஃப் 8, மெர்ச்சன்ட் 5. சட்கிளிஃபின் சராசரி 60.73, டெஸ்ட் வாழ்க்கை முழுவதும் ஒருமுறைகூட 60-க்குக் கீழே இறங்காதது. பிராட்மன் 20, பேரிங்டன் 7, எவர்டன் வீக்ஸ் 8, ஃபாக்னர் 8, ஃபிளவர் 8, டேவிட்சன் 7, முரளி 14. இதுவரை 85. கௌவி 4, கார்னர் 9 சேர்த்தால் 98.

மிஞ்சிய 2 புள்ளியை எங்கே போடலாம் என்று நான் ரொம்ப நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீக்ஸுக்குப் பதில் 10 புள்ளி ஜார்ஜ் ஹெட்லி என்றால் 58.61 என்பது 60.83 ஆகிறது, இரண்டு ரன்தான். டேவிட்சனுக்குப் பதில் 9 புள்ளி ஷான் பொல்லாக் என்றால் பேட்டிங்கில் 8 ரன் வருகிறது, பந்துவீச்சில் 5 ரன் போகிறது. கார்னரை எடுத்துவிட்டு 11 புள்ளி ரிச்சர்ட் ஹாட்லியைப் போட்டபோதுதான் கணக்கு பளிச்சென்று மாறியது. பந்துவீச்சில் 20.97 இருந்த இடத்தில் 22.29, இன்னிங்ஸுக்கு 3 ரன் நஷ்டம். பேட்டிங்கில் 12.44 இருந்த இடத்தில் 27.16. ஒன்பதாவது ஆளிடமிருந்து 15 ரன்னுக்கு அருகில் லாபம். டெஸ்டுக்கு 5 விக்கெட் வேறு. மொத்தம் சரியாக 100.

அணியைக் கொடுக்கும் முன் ஒன்றை நண்பர்களிடம் கேட்டுவிடுங்கள்: வெற்றியை எப்படித் தீர்மானிக்கப் போகிறீர்கள், கணக்குப் போட்டா, வாக்கெடுத்தா? கணக்கு என்றால் மேலே சொன்னதை அப்படியே வையுங்கள். வாக்கு என்றால் பெயருக்கும் பலம் உண்டு. அப்போது வீக்ஸை எடுத்துவிட்டு சட்கிளிஃபோடு ஜாக் ஹாப்ஸைத் தொடக்கத்தில் இறக்குங்கள், மெர்ச்சன்ட் ஐந்தாம் இடத்துக்குப் போகட்டும். ஹாப்ஸ் உங்கள் பட்டியலில் 13, கூடுதலாக 5 வேண்டும். ஹாட்லியைத் திரும்பக் கார்னராக்கினால் 2 வரும். டேவிட்சனை விட்டு இன்னொரு 4 புள்ளி வேகப்பந்து வீச்சாளரை எடுத்தால் மீதி 3. அப்படி டேவிட்சனை விடுவது எனக்கு வலிக்கும், ஆனால் ஹாப்ஸும் சட்கிளிஃபும் சேர்ந்து நடந்து வரும் அணிக்கு எதிராக வாக்களிக்க யாருக்கும் மனசு வராது.