இரண்டு சாக்ஸ் போட்டும் கால் ஏன் மரத்துப்போகிறது?

மாட்டுப்பட்டி ரோட்டில் ஓர் எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, மூணாறு டவுனில் பேக்கரி வேலை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி 10 கிலோமீட்டர் சைக்கிளில் வருகிறேன். மார்கழி பிறந்தால் பாதி வழியிலேயே கால்விரல் மரத்துவிடுகிறது. பேக்கரி அடுப்புப் பக்கம் நின்றதும் உயிர் போகிற வலி. சாயங்காலம் விரலெல்லாம் சிவந்து அரிக்கிறது. இரண்டு சாக்ஸ் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். ஐப்பசி மழையில் நனைந்த ஷூ மறுநாள் வரை காய்வதில்லை. என்ன செய்யலாம்?”

தம்பி, முதல் வேலையாக அந்த இரண்டாவது சாக்ஸைக் கழற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஷூவும் சாக்ஸும் காலுக்குச் சூடு கொடுப்பதில்லை. சூட்டைக் கொண்டுவருவது ரத்தம். அது கொண்டுவந்த சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் சாக்ஸின் வேலை. அந்தப் பிடிப்பைக்கூட நூலைவிட, நூலுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் செய்கிறது. அளவாக இருந்த ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் அந்தக் காற்று நசுங்கி வெளியேறிவிடும். கூடவே விரல் நெருக்கப்பட்டு ரத்த ஓட்டமும் குறைந்துவிடும். இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். ஷூவைக் கட்டிக்கொண்டு உள்ளே ஐந்து விரலையும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் சரி. பெருவிரல் மட்டும் ஆடி மற்ற நான்கும் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த ஷூவுக்கு எந்தச் சாக்ஸ் போட்டாலும் குளிர் அடங்காது.

இருபது வருஷமாக இந்த மலையில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறேன், நானும் தினமும் ஓட்டுகிறேன். இந்தப் பாடத்தை ஒரு தை மாதத்தில் தேவிகுளத்திலிருந்து டவுனுக்கு இறங்கும்போதுதான் கற்றேன். பாதி இறக்கத்தில் கால் பெடல்மேல் இருக்கிறதா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டீக்கடையில் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸின் கோடு கோடான பின்னல் தோலில் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. விரல் நுனி மெழுகுவர்த்தி போல வெளுத்துக் கிடந்தது. அவசரத்தில் இரண்டு காலையும் அடுப்பு வாயருகே நீட்டினேன். சுடுவது எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் இழுத்துவிட்டார். அதற்குள் இரண்டு விரலில் கொப்புளம். மரத்த கால் சூட்டையும் உணராது. பேக்கரி அடுப்புப் பக்கம் நீங்கள் நிற்கிறேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

சைக்கிளில் போகிறவனுக்குக் கால் இவ்வளவு குளிர்வதற்குக் காரணம் உண்டு. உடம்பு குளிரத் தொடங்கினால் நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றத்தான் முதலில் பார்க்கும். கை, கால் நுனியில் உள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். நடக்கும்போது பாதம் மடங்கி நிமிர்கிறது, தசை வேலை செய்கிறது, கொஞ்சம் சூடு பிறக்கிறது. பெடல் மிதிக்கையில் தொடையும் கெண்டைக்காலும் உழைக்கின்றன, பாதமோ பலகை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும் இடமும் காற்று நேராக வந்து அறையும் முன்பக்கம்.

உங்கள் பாதைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மாட்டுப்பட்டியிலிருந்து டவுன் பெரும்பாலும் இறக்கம். மிதிக்காமல் உருண்டு வருகிறீர்கள். உடம்பு சூடு உண்டாக்கவில்லை, வேகம் மட்டும் கூடுகிறது. வெளியே 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது 2 டிகிரி மாதிரி இருக்கும். 30 கிலோமீட்டரில் பூஜ்ஜியம் மாதிரி. அதே ரோட்டில் சாயங்காலம் ஏறி வரும்போது கால் குளிர்ந்ததாக நீங்கள் எழுதவே இல்லை, கவனித்தீர்களா?

வானம் தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். செண்டுவாரை, லட்சுமி, சைலண்ட் வேலி எஸ்டேட்டுகள் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் பூக்கும்போது பார்த்தால், மேட்டைவிடப் பள்ளத்துப் புல்தரையில்தான் அது முதலில் தெரியும். ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது சட்டென்று முகத்தில் குளிர் அடிப்பதும் இதனால்தான். “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று கீழ்நாட்டில் சொல்வார்கள். இந்த மலையில் அது முதலில் துளைப்பது ஷூவின் முன்முனையை.

ஆகவே அடுத்து காற்றை நிறுத்துங்கள். உங்கள் ஷூ ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற வலைத்துணி ஷூவாக இருக்கும் என்று நினைக்கிறேன், கடையில் இப்போது அதுதான் மலிவு. வெயிலுக்கு அருமை, மார்கழிக்கு ஆகாது. புது ஷூ வாங்கும்வரை ஒரு வழி: சாக்ஸ் போட்டபின், பால் பாக்கெட் கனத்தில் உள்ள ஒரு பிளாஸ்டிக் கவரை விரல்களை மட்டும் மூடும்படி, நடுப்பாதம் வரை சுற்றிக்கொண்டு ஷூவைப் போடுங்கள். முழுப் பாதத்தையும் மூடாதீர்கள், வியர்வை வெளியேற வழி வேண்டும். காசு செலவில்லாத வைத்தியத்தில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரியாது. ஷூவுக்கு மேலே மாட்டும் உறை கிடைத்தால் இன்னும் நல்லது. கேப் ரோட்டில் விலையுயர்ந்த சைக்கிளில் போகிறவர்கள் காலில் பார்த்திருப்பீர்கள்.

அடியிலிருந்தும் குளிர் ஏறும். இரும்புப் பெடல் சூட்டை உறிஞ்சும். ரப்பர் கட்டை வைத்த பெடலோ பிளாஸ்டிக் பெடலோ மாற்றுங்கள். ஷூவுக்குள் இருக்கும் மெல்லிய இன்சோலை எடுத்துவிட்டு, பழைய கம்பளியிலோ தடித்த ஃபெல்ட்டிலோ அதே அளவுக்கு வெட்டிப் போடுங்கள். போட்டபின் விரல் ஆடும் சோதனையை மறுபடி செய்து பார்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் தடித்த இன்சோலால் நன்மை இல்லை.

சாக்ஸ் பற்றிச் சொல்கிறேன். காட்டன் வேண்டாம். வியர்வையோ பனித்தண்ணீரோ பட்டால் காட்டன் அதைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதை நினைத்துப் பாருங்கள், ஈரச் சாக்ஸ் என்ன செய்யும் என்பது புரியும். கம்பளி நூல் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் சொதசொதவென்று ஆகாது, நனைந்தாலும் ஓரளவு சூடு நிற்கும். நம் அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் மடித்துப் போடும் கம்பளி தூறலில் நனைந்தும் குளிரைத் தாங்குகிறதல்லவா, அதே சங்கதி. கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி போதும். அது கிடைக்காவிட்டால் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் போடும் நைலான் சாக்ஸ்கூட காட்டனைவிட மேல்.

கணுக்காலை யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே தோல் மெல்லிசு, கொழுப்பு இல்லை, பாதத்துக்குப் போகும் ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. பேன்ட்டுக்கும் சாக்ஸுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால், சூடான ரத்தம் அங்கேயே பாதி ஆறிவிடும். பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மாட்டிக்கொள்ளுங்கள். மேலே இறுக்க ரப்பர் பேண்ட் போடாதீர்கள். தலைக்கு மங்கி கேப், நெஞ்சுக்குக் காற்று புகாத ஜாக்கெட் இரண்டும் கட்டாயம். உடம்பு சூடாக இருந்தால்தான் பாதத்துக்கு ரத்தம் அனுப்பும். வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். ஒரு கட்டன் சாயாவும் இரண்டு இட்லியும் போதும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால், அது விரல் நுனி ரத்தக்குழாயை மேலும் சுருக்கும்.

வழியில் செய்ய வேண்டியது ஒன்று. இறக்கத்தில் வேகத்தைப் பிரேக்கால் கட்டுப்படுத்தி, லேசாக மிதித்துக்கொண்டே வாருங்கள். விரல் மரக்கத் தொடங்கியதும் இறங்கி, ஐந்து நிமிஷம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி நடங்கள். முழுக்க மரத்த பிறகு நடப்பதைவிட, மரக்கத் தொடங்கும்போதே நடந்தால் சீக்கிரம் சரியாகும்.

இனி மழை. துலாவர்ஷம் என்று இங்கே சொல்கிற ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை நனைப்பது வானத்திலிருந்து விழும் தண்ணீர் மட்டும் என்று நினைக்கிறோம். என் கடைக்கு வரும் சைக்கிள்களில் பாதிக்கு முன்சக்கர மட்கார்டு குட்டையாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ரோட்டுத் தண்ணீரை முன்சக்கரம் வாரி நேராக ஷூவின்மேல் அடிக்கிறது. முழு நீள மட்கார்டு போட்டு, அதன் கீழ்முனையில் பழைய டயர் டியூபை வெட்டி ஒரு நாக்கு மாதிரி தொங்கவிடுங்கள். தரைக்கு ஒரு கை அகலம் மேலே நிற்க வேண்டும். இரண்டு ஓட்டை, இரண்டு போல்ட், பத்து நிமிஷ வேலை. இதைச் செய்துகொண்டு போனவர்கள் ஷூவை மாற்றாமலே கால் காய்ந்திருக்கிறது என்று வந்து சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு வழி மேலிருந்து. ரெயின்கோட் பேன்ட்டை ஷூவுக்குள்ளோ, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸான கம்பூட்டுக்குள்ளோ செருகினால் தண்ணீர் கால் வழியாக வழிந்து உள்ளே இறங்கிக் குளம் கட்டும். பேன்ட் எப்போதும் வெளியே, ஷூவை மூடியபடி இருக்க வேண்டும். கீழ் விளிம்பு செயினில் சிக்காமலிருக்க வலது கால் பக்கம் மட்டும் தளர்வாக ஒரு பட்டி போடுங்கள். கம்பூட்டு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தேயிலைக் காட்டுக்கு அது சரி. சைக்கிளில் 10 கிலோமீட்டருக்கு, வெளி ஈரம் வராவிட்டாலும் உள்ளே வியர்வையில் சாக்ஸ் நனைந்துவிடும். பெருமழை நாளில் மட்டும், ஒரு சைஸ் பெரியதாக, கம்பளிச் சாக்ஸோடு போடலாம். ஆனி, ஆடி மழையில் இவ்வளவு குளிர் இல்லை என்பதால் நான் பிளாஸ்டிக் செருப்பில் நனைந்துகொண்டே போய்விடுவேன். போய்ச் சேர்ந்ததும் காலைத் துடைத்து, பையில் கவர் போட்டு வைத்த காய்ந்த சாக்ஸை மாட்டிக்கொள்வேன்.

போடியிலிருந்து ஏறி வரும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சாக்ஸ் வியர்வையில் ஊறிவிடும். மேலே உயரம் 1,000 மீட்டர் கூடினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். டீக்கடையில் நின்று சாக்ஸை மாற்றாமல் பூப்பாறைப் பக்கம் இறங்கினால் உங்களுக்கு நடப்பதுதான் அவர்களுக்கும்.

நனைந்த ஷூவைக் காயவைக்க அடுப்பு மேட்டில் வைக்காதீர்கள், பசை இளகி அடி பிரியும். உள்ளே உள்ள இன்சோலை வெளியே எடுங்கள், கயிற்றைத் தளர்த்தி நாக்கை முன்னால் இழுத்துவிடுங்கள். பழைய பேப்பரைக் கசக்கி விரல் முனை வரை திணித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பேப்பர் கனத்து, மை வாசனையோடு ஈரமாக வெளியே வரும். அதை எடுத்துவிட்டு வேறு பேப்பர். தூங்கும் முன் மூன்று முறை மாற்றினால் காலையில் போடும் பதத்துக்கு வந்துவிடும். முடிந்தால் இரண்டு ஜோடி ஷூவை நாள்விட்டு நாள் மாற்றிப் போடுவதே நல்லது. காலைக் கழுவியதும் விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி எடுங்கள், ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும்.

இப்போது அந்த வலியும் அரிப்பும். மரத்த விரலுக்கு ரத்தம் திரும்பும்போது கொஞ்ச நேரம் வலிப்பது இயல்பு. ஆனால் சில மணி நேரம் கழித்து சிவந்து, வீங்கி, அரிப்பது சில்பிளெய்ன் போலத் தெரிகிறது. ஈரக் குளிரில் கிடந்த விரலைத் திடீரென்று சூடாக்கும்போது வருவது அது. உறைபனி அளவுக்குக் குளிர வேண்டியதே இல்லை. பேக்கரிக்குப் போனதும் அடுப்பைவிட்டுத் தள்ளி நின்று, சாக்ஸை மாற்றி, சும்மா நடந்துகொண்டிருங்கள். தேய்க்க வேண்டாம், சொறிய வேண்டாம், கொதிநீரில் வைக்க வேண்டாம். தைலம் தடவுவதும் வேண்டாம்; எரிகிறது, அவ்வளவுதான், காலுக்குச் சூடு ஏறாது. தோல் வெடித்தால், புண்ணானால், விரல் கறுத்தால், அல்லது வீட்டுக்குள் இருக்கும்போதும் விரல் வெளுத்து நீலமாகிச் சிவந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சர்க்கரை நோய் உள்ள யாரும் கால் மரத்துப்போவதைக் குளிர் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. பேட்டரியில் சூடாகும் இன்சோலையும் அவர்கள் தொடக் கூடாது, சுட்டாலும் தெரியாது.

புது ஷூ வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்று உப்பியிருக்கும். கம்பளிச் சாக்ஸைக் கையோடு கொண்டுபோய், போட்டுப் பார்த்து, அரை சைஸ் பெரியதாக எடுங்கள். அதுவரை நாளைக் காலை ஒற்றைச் சாக்ஸோடு, விரலில் கவரைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஓடைப் பாலம் தாண்டும்போது விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு, எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். மட்கார்டுக்கு நாக்கு வைக்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், டியூப் என்னிடம் இருக்கிறது.