அமெரிக்காவில் பழைய பாணி மண் தடக் கார் பந்தயத்துக்கு ஏன் கூட்டம் குறைந்தது?

மட்கார்டு இல்லாமல் நான்கு சக்கரமும் வெளியே தெரியும், தலைக்கு மேல் இறக்கையும் இல்லாத கார். களிமண் வளையத்தில் பக்கவாட்டாகச் சறுக்கித்தான் திரும்பும். முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும், மண்கட்டி தெறிக்கும். பார்க்க இன்றும் அபாரம்தான்.

ஏ.ஜே. ஃபாய்ட், மரியோ ஆண்ட்ரெட்டி மாதிரி பெரிய ஓட்டுநர்கள் எல்லாம் இந்த மண்ணில் ஓட்டித்தான் அமெரிக்காவின் மிகப் பிரபலமான கார் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-க்குப் போனார்கள். மண் கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கும்; 1965-ல் ஜிம் கிளார்க் பின்பக்க இன்ஜின் காரில் அங்கே ஜெயித்ததும் மண்ணில் கற்ற வித்தைக்கு மவுசு குறைந்தது. 1971-ல் தேசிய சாம்பியன்ஷிப்பிலிருந்தே மண் தடங்களை எடுத்துவிட்டார்கள். பைபாஸ் வந்தபின் பழைய ரோட்டு டீக்கடை மாதிரி: டீ அதேதான், பஸ்தான் நிற்பதில்லை. பின்னாளில் இந்த மண்ணில் வளர்ந்த ஜெஃப் கார்டன், டோனி ஸ்டூவர்ட், சாதாரண கார் மாதிரி மூடிய கார்கள் ஓடும் நாஸ்கார் பந்தயத் தொடர் பக்கம் போனார்கள், ரசிகர்களும் கூடவே.

மண் பந்தயமே செத்துவிட்டது என்பது மட்டும் தவறு. தலைக்கு மேல் இறக்கை வைத்து மண்ணில் ஓடும் ஸ்பிரிண்ட் கார்களுக்கு அயோவாவின் நாக்ஸ்வில்லில் ஆகஸ்ட் மாதம் கூட்டம் அள்ளும்.