மூன்றாவது மாஸ்டர் பம்பை வாங்குவதற்கு முன்

கேள்வி: வெலிமடையிலிருந்து பேலியகொடைக்கு மரக்கறி ஏற்றும் எனது ஜப்பானியச் சிறு லொறிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முன்பக்கம் டிஸ்க் பிரேக், பின்பக்கம் டிரம். டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் முன் கலிப்பர்கள் இரண்டும் இறுகிப்போனதால், ஏழு வாரங்களுக்கு முன் பஞ்சிகாவத்தையில் பாவித்த கலிப்பர் சோடி ஒன்றை வாங்கி, ஊரிலுள்ள கராஜ் ஒன்றில் பூட்டினேன். அன்றிலிருந்து பெடல் பஞ்சுபோல் அமிழ்கிறது. சுமையோடு இராமபொடை இறக்கத்தில் இறங்கும்போது இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. வெறுமையாகத் திரும்பும்போதோ, ஹக்கல பக்கத்து ஈர வீதியில் சற்று அழுத்தி மிதித்தவுடன் பின் சில்லுகள் இரண்டும் பூட்டிக்கொண்டு லொறியின் வால் பக்கம் வழுக்குகிறது. கராஜில் இதுவரை, பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்பை இரண்டு முறை மாற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றப் பலமுறை எயார் எடுத்தும் பலனில்லை. இப்போது மூன்றாவதாகப் புதிய பம்ப் ஒன்றை வாங்கி வரச் சொல்கிறார்கள். வாங்கலாமா? செலவழித்த பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா?

பதில்: வாங்க வேண்டாம். அதற்கு முன் இந்த லொறியில் இனிச் சுமை ஏற்ற வேண்டாம். கோளாறு தீரும்வரை அது இராமபொடைப் பக்கம் போகவே கூடாது.

பெடல் அமிழ்வதையும் பின் சில்லுகள் பூட்டுவதையும் தாங்கள் இரண்டு நோய்களாக எழுதியிருக்கிறீர்கள்; கராஜிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில், அதுவும் கலிப்பர் மாற்றிய அன்றே தொடங்கியிருப்பதால், ஒரே காரணத்தைத் தேடுவதே முறை. என் ஊகம் இதுதான்: வலப்பக்கக் கலிப்பர் இடப்பக்கத்திலும் இடப்பக்கக் கலிப்பர் வலப்பக்கத்திலும் பூட்டப்பட்டிருக்கின்றன.

இதைப் பார்க்கச் செலவு எதுவும் இல்லை. லொறியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, முன் சில்லின் உட்புறத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். கலிப்பரில் சுண்டுவிரல் நுனியளவில், ரப்பர் மூடி போட்ட ஒரு நிப்பிள் இருக்கும். எயார் எடுக்கத் திறப்பது அதைத்தான். அது கலிப்பரின் மேல் முனையில் இருக்க வேண்டும். கீழ் முனையில் இருந்தால் கலிப்பர்கள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். சோடியாக வரும் கலிப்பர்கள் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் ஒன்றுக்கொன்று எதிரானவை. பல வகைகளில் மாற்றிப் பூட்டினாலும் போல்ட் துளைகள் பொருந்திவிடும். அதனால் நல்ல மெக்கானிக்கும் ஏமாறுவதுண்டு. காற்று மேலே நிற்க, நிப்பிள் கீழே இருந்தால், எத்தனை போத்தல் ஒயில் ஊற்றி எயார் எடுத்தாலும் ஒயில்தான் வெளியே வருமே தவிர, மேலே அடைபட்ட காற்று அசையாது.

அந்தக் காற்று பின் சில்லை எப்படிப் பூட்டும் என்று கேட்பீர்கள். மாஸ்டர் பம்புக்குள் முன் சில்லுகளுக்கு ஒன்று, பின் சில்லுகளுக்கு ஒன்று என இரண்டு அறைகள் உண்டு. முன் குழாயில் காற்று இருந்தால், தாங்கள் மிதிக்கும் மிதியில் பெரும்பகுதி அதை நசுக்குவதிலேயே கழிந்துவிடுகிறது. பெடல் அமிழ்வது அதனால்தான். மேலும் அழுத்தி மிதிக்கும்போது முன்பக்கத்துக்கான பிஸ்டன் பம்பின் முடிவில் போய் முட்டி நின்றுவிட, அதன் பிறகு ஏறும் அழுத்தம் முழுவதும் பின் டிரம்களுக்கே போகிறது. பிரேக் பிடிக்கும்போது லொறியின் பாரம் முன்னோக்கிச் சாயும். பெட்டியும் வெறுமையாக இருந்தால் பின் சில்லுகளுக்குத் தரையில் பிடிமானம் குறைவு. ஈர வீதியில் அவை பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. கலிப்பரைக் குழாயோடு அப்படியே கழற்றி, நிப்பிள் மேலே நோக்கும்படி கையில் பிடித்துக்கொண்டு, பிஸ்டன் வெளியே தள்ளப்படாதபடி பிரேக் பேட்களுக்கு இடையே டிஸ்க் அளவு தடிப்புள்ள மரத்துண்டு ஒன்றைச் செருகி எயார் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வந்து, பிறகு பெடல் உயர்ந்து கடினமானால் வழக்கு முடிந்தது. கலிப்பர்களை உரிய பக்கங்களுக்கு மாற்றிப் பூட்டி, ஒயில் குழாய் சேரும் இடத்துச் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு, மறுபடியும் முறையாக எயார் எடுத்தால் போதும்.

நிப்பிள் மேலேயே இருந்தாலும் உடனே பம்புக்குப் போக வேண்டாம். பம்பிலிருந்து புறப்படும் குழாய்களைக் கழற்றி, அந்த வாய்களை அதே மரையுள்ள அடைப்பான்களால் அடைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் கல்போல் நின்றால் பம்பில் குறையில்லை; கோளாறு அதற்கு அப்பால். காலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால்தான் பம்பின் உள் ரப்பர் ஒயிலைக் கசிய விடுகிறது என்று சொல்லலாம். இந்தச் சோதனைகள் எதுவும் செய்யாமல் மாஸ்டர் பம்பை மாற்றச் சொல்வது, எந்தக் காய்ச்சலுக்கும் பனடோல் கொடுப்பது போன்றது.

பின்பக்கத்திலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். இந்த வகை லொறிகள் பலவற்றில் சேஸிக்கும் பின் அச்சுக்கும் இடையே, ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு ஒன்று உண்டு. பாரம் ஏறி வில் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுப்பதும், வெறுமையாக இருந்தால் குறைப்பதும் அதன் வேலை. கம்பி முறிந்ததும் யாராவது அதைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டிவிட்டிருந்தால், வெறும் லொறியும் சுமை ஏறிய லொறிபோல் பிரேக் பிடிக்கும். துருப்பிடித்து இறுகிய வால்வும் அப்படியே. பின் அச்சு ஜாக்கில் தொங்கும்போது எயார் எடுத்தால், அந்த வால்வு லொறியை வெறுமை என்று எண்ணி ஒயிலை நெருக்கிவிடும். ஆகவே சில்லுகள் தரையில் நிற்க எயார் எடுப்பதே நல்லது. தங்களுக்கு இரண்டு பின் சில்லுகளும் பூட்டுகின்றன. ஒன்று மட்டும் பூட்டியிருந்தால், அச்சின் சீல் கசிந்து லைனிங்கில் ஒயில் படிந்திருக்கிறதா என்று டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

பணத்தைப் பற்றி. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளை மட்டுமல்ல, பழுதுபார்ப்பு போன்ற சேவையையும் உள்ளடக்கும். ஆனால் முறைப்பாட்டை எழுத்து மூலம், பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தங்களுக்கு ஏழு வாரங்கள் கழிந்துவிட்டன; தள்ளிப்போட இடமில்லை. பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. தங்களிடம் இல்லையென்றால் இப்போதாவது கேட்டு வாங்குங்கள். கழற்றிய இரண்டு பம்ப்களையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள், நிப்பிள் கீழே இருந்தால் கலிப்பரைக் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கராஜ் உரிமையாளரிடம் அமைதியாகப் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே கணக்குத் தீரும். தீராவிட்டால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழியைக் கேட்கலாம். கலிப்பரை விற்றவர் மீது எனக்குக் குறை தெரியவில்லை. அவர் கொடுத்தது சரியான சோடியாகவே இருக்கலாம்.

கேள்வி: அதே வேலைக்குப் பிரேக் ஒயிலும் வாங்க வேண்டும். கடையில் பெரிய தகரத்திலிருந்து சிறு போத்தலில் ஊற்றித் தருவது மலிவாக இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நுவரெலியாப் பனியில் திறந்து கிடந்த தகரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டொட் 3 தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் ஒயில் கொதித்து ஆவியானால், எயார் எடுத்த பயன் அந்த நிமிடமே போய்விடும். லொறியின் பிரேக் ஒயில் தொட்டி மூடியில் குறித்துள்ள தரத்தில், முத்திரை உடையாத சிறு போத்தலாக வாங்குங்கள். டொட் 3 கேட்கும் லொறிக்கு டொட் 4 ஊற்றலாம். சிலிக்கோன் வகையான டொட் 5 ஐக் கலக்கக் கூடாது. எஞ்சின் ஒயிலோ வேறு கனிய எண்ணெயோ ஒரு மூடியளவு கலந்தாலும் ரப்பர்கள் ஊதிப்போகும், அப்போது உண்மையிலேயே மூன்றாவது பம்ப் வாங்க நேரிடும். வேலை முடிந்து போத்தலில் மிஞ்சுவதை அடுத்த வருடத்துக்கென்று லொறியின் ஆசனத்துக்கு அடியில் வைக்க வேண்டாம்.