செல்லுக்குள் புரதம் எப்படி அளவோடு உருவாகிறது? கேள்வி பதில்

கே: பிளஸ் டூ படிக்கிறேன் மேடம். டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கும்போதே எந்தப் புரதம் என்று முடிவாகிவிடுகிறது. மொழிபெயர்த்தலில் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது?

ப: நிறைய இருக்கிறது. டி.என்.ஏ.வின் படியான தூது ஆர்.என்.ஏ. இருந்தால் மட்டும் புரதம் வந்துவிடாது. அதைப் படித்துப் புரதம் கட்டுவதுதான் மொழிபெயர்த்தல். அந்த வேலையைச் செய்யும் இயந்திரமான மனித ரைபோசோமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 80 புரதங்கள். எல்லாம் ஈடாகத் தயாராக வேண்டும். அவற்றின் தூது ஆர்.என்.ஏ.க்கள் ஒரே மாதிரித் தொடங்குகின்றன: முதலில் ஒரு 'சி', பிறகு சி, யூ எழுத்துகளின் சரம். இதை டாப் வரிசை என்போம். சத்து கிடைத்து எம்டார் என்ற நொதி வேலை செய்தால் இவை சேர்ந்தே மொழிபெயர்க்கப்படும். பட்டினி என்றால் லார்ப்1 என்ற புரதம் அந்தத் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்தே நிற்கும்.

கே: எம்டாருக்கும் ராபமைசின் மருந்துக்கும் தொடர்பு உண்டா?

ப: உண்டு, அந்த மருந்து அடக்குவது எம்டாரைத்தான். 1964-இல் ராபா நூயி எனும் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணின் பாக்டீரியாவிலிருந்து வந்தது.

கே: ஹீமோகுளோபின் என்பது இரும்பு கொண்ட ஹீமும் குளோபின் புரதமும் சேர்ந்தது. இரும்புச்சத்து இல்லாதபோது ஹீம் உருவாகாது, சரி. குளோபின் மட்டும் ஏன் குவிந்துவிடுவதில்லை?

ப: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வளரும் சிவப்பணுவில் எச்.ஆர்.ஐ. என்ற கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதி, இருக்கிறது. ஹீம் ஒட்டியிருக்கும்வரை அது அடங்கியிருக்கும். ஹீம் குறைந்ததும் விழித்துக்கொண்டு, மொழிபெயர்த்தலைத் தொடங்கிவைக்கும் இ.ஐ.எஃப்.2 காரணியில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடும். அந்தக் காரணி முடங்க, குளோபின் உற்பத்தி சட்டென்று குறையும். எச்.ஆர்.ஐ. இல்லாத எலிகளுக்கு இரும்பு குறைந்த தீனி கொடுத்தபோது, குளோபின் கட்டிதட்டி, செல்கள் மடிந்தன.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லிலும் கைவைக்கப்படுவது அதே இ.ஐ.எஃப்.2தான். ஆனால் அங்கே முக்கியக் காவல் பெர்க் என்ற வேறொரு கைனேஸிடம். அது மடிப்புக் கோளாறான புரதங்கள் தேங்குவதைக் கவனிக்கிறது. பெர்க் மரபணு பழுதானால் குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வரும். வால்காட்-ராலிசன் நோய் என்பது அதுதான். சுவிட்ச் ஒன்று, அதைத் தட்டும் விரல்தான் செல்லுக்குச் செல் மாறுகிறது.

கே: என் மகளுக்கு டயமண்ட்-பிளாக்ஃபேன் இரத்தசோகை. ரைபோசோம் கோளாறு என்கிறார் டாக்டர். ரைபோசோம் எல்லா செல்லிலும் இருக்கிறதே, இரத்தம் மட்டும் ஏன்?

ப: நியாயமான கேள்வி அம்மா. 1999-இல் ஆர்.பி.எஸ்.19 என்ற ரைபோசோம் புரத மரபணுவில் முதன்முதலாகக் காரணம் தெரிந்தது. ரைபோசோம் எண்ணிக்கை குறையும்போது எல்லாத் தூது ஆர்.என்.ஏ.வும் ஒரேயளவு பாதிக்கப்படுவதில்லை. சிவப்பணு வளர அவசியமான காட்டா1 புரதத்தின் தூது ஆர்.என்.ஏ. கூடுதலாக அடிவாங்குகிறது. ஆனால் இரத்தம் மட்டும்தான் என்று இருந்துவிடாதீர்கள். சிலருக்குக் கட்டைவிரல், அண்ணம், இதயம் ஆகியவற்றிலும் குறை இருக்கும். இதயப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.